எண்பதில் தொடங்குவது

சரளைப் பாதையில் அது கேட்பதில்லை.
முப்பது காஸ் சிலிண்டர்களும் பின்னால்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும்போதும் கேட்பதில்லை.
எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக்
காலி வண்டியாய் வடக்கே திரும்பி வந்தால்
செர்ரோ காஸ்தியோவை ஒட்டித்
தார் தொடங்குமே, அங்கே
முள் எண்பதைத் தொட்டதும்
இருக்கைக்கு அடியில் யாரோ
வாயை மூடிக்கொண்டு அழுகிறார்கள்.

தொண்ணூற்றைந்தில் அடங்கிவிடும்.
அதற்கு மேல் இந்த வண்டியும் போகாது,
பாத்தகோனியக் காற்றில் நானும் போகமாட்டேன்.

முதலில் டயர் என்று நினைத்தேன்.
நான்கையும் இடம் மாற்றிப் பூட்டினேன்.
டயராக இருந்தால் புதுத் தாரில் ஒரு குரல்,
பழைய தாரில் வேறு குரல்.
இது சுருதி மாறவே இல்லை.
இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டேன்,
நின்றது.
கியர் போட்டு மிதித்தேன், வந்தது.
காலை எடுத்தேன்,
மெலிந்தது, ஆனால் போகவில்லை.
இடப்பக்க வளைவிலும் வலப்பக்க வளைவிலும்
அதே சிணுங்கல்.
ஆக, இரண்டு சக்கரத்தின் பேரிங் மீதும் பழியில்லை.
நடுவில்தான்.
டிஃப்ரன்ஷியலில்.
எரிபெர்த்தோ பாரியா பிரித்துப் பூட்டிய நடுவில்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன்.
எண்பது. எண்பத்தைந்து.
எனக்குப் பல் கூசியது.
அவர் ஜன்னல் வழியே
லெங்கா மரங்கள் சிவந்துபோயிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஒன்றும் கேட்கவில்லையே, நெலீதா."

பொய் என்று நினைத்தேன்.
கூலியைத் திருப்பிக் கேட்டுவிடுவேன் என்ற பயம்.
மூன்று பேரிடம் சொல்லியும்விட்டேன்.
மூன்று பேர் போதும் எங்கள் ஊருக்கு.

அடுத்த வியாழன் பட்டறைக்குள் நுழைகிறேன்,
விறகடுப்பில் கேத்தல்
விசிலடித்து விசிலடித்து வற்றிக்கொண்டிருக்கிறது.
அதற்கு முதுகு காட்டி நின்று
அவர் ஒரு போல்ட்டை அமைதியாகத் துடைக்கிறார்.
நான்தான் போய் இறக்கிவைத்தேன்.
அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.
பிறகு கேத்தலை.
அந்த மூன்று பேரின் முகமும் எனக்கு நினைவு வந்தது.

வண்டியைத் தூக்கி நிறுத்தினோம்.
நான் ஆக்சிலேட்டரை மிதித்து "இப்போது" என்று கத்த,
கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
"இருக்கிறது" என்றார்.
"கொஞ்சம் இருக்கிறது."

திறந்தோம்.
பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றினார்.
பல்லின் நடுவில் விழவேண்டிய தடம்
ஓரத்தில் கிடந்தது.
ஷிம் ஒன்றை எடுத்தார்.
தடம் மறு ஓரத்துக்குப் போனது.
பாதித் தடிமனில் இன்னொன்றை வைத்தார்.
இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் கொஞ்சம்,
நடுவில் மட்டும் வெறும் மஞ்சள்.

அப்போதுதான் துணியை டீசலில் நனைத்து
எண்களைத் துடைத்தார்.
கிரவுனில் 417.
பினியனின் முகத்தில் 392.

ஆலையிலேயே இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு
ஒன்றின் பல்லுக்கு மற்றதைத் தேய்த்துப் பழக்கி
ஒரே எண்ணைக் குத்தி அனுப்புவார்கள்.
அளவு ஒன்றுதான், பல் கணக்கும் ஒன்றுதான்,
ஆனாலும் வேறு ஜோடியில் சேராது.

மார்ச்சில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.
ஒரே மேசையில், ஒரே லாந்தர் வெளிச்சத்தில்
இரண்டு வண்டிகள் பிரித்துக் கிடந்தன.
மற்றது
புவெர்த்தோ இபாஞெஸில் செர்ரி வளர்க்கும்
யோலாந்தா கெலினுடையது.

போனை என்னிடம் நீட்டினார்.
எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
"உங்கள் வண்டியில், பின்பக்கம்..." என்றேன்.

"எண்பத்திரண்டில்" என்றாள் அவள்.
"புது டயர் வாங்கிப் போட்டேன்.
புருஷன் என் காதில்தான் கோளாறு என்கிறான்.
நீங்கள் யார்?"

"என்னவாம்?" என்று கேட்டார் எரிபெர்த்தோ.
அவருடைய இடது காதுப் பக்கம் போய் நின்று
உரக்கச் சொன்னேன்.